ஆகாயமும் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளும்

(ஸ்ரீரங்கத்தில் பெற்றோர்களும் உபாத்தியாயர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்றைய தினம் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஆகாயத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பது எப்படி என்பதாகும். சொல்லிக் கொடுப்பது என்றால், உபாத்தியாயர் வாயால் சொல்லுவதும் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு கேட்பதும் அல்ல. கட்டிய கையை அவிழ்த்து, அந்தக் கையில் ஒரு கம்பையும் அளவுகோலையும் கொடுத்து, சூரியனையும் சந்திரனையும் பூமியையும் அவர்களே அளந்து பார்க்கும்படி செய்வதையே சொல்லுகிறோம். இது பள்ளிக்கூடத்துச் சங்கதி, இதற்கு ஒரு பொதுக்கூட்டம் எதற்கு என்று சிலர் நினைக்கக் கூடும். ஒரு மனிதன் பிற்காலத்தில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவனாக இருப்பதா, அல்லது அளந்து பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுகிறவனாக இருப்பதா என்பது பெரும்பாலும் அந்த வயதில்தான் தீர்மானமாகி விடுகிறது என்பது நமது அபிப்பிராயம். ஆதலால்தான் இதைப் பேசுகிறோம்.

பயம் முந்துகிறது

2019ம் வருஷம் டிசம்பர் மாதம் 26ந் தேதி காலை ஒன்பதரை மணியை ஒட்டி, நமது திருச்சியில் சூரியன் ஒரு நெருப்பு வளையமாக நின்றது உங்களுக்கு ஞாபகமிருக்கும். சந்திரன் நடுவில் வந்து மறைக்க, ஓரம் மட்டும் தெரியும் வளைய கிரகணம் அது. ஒருவன் வாழ்நாளில் தன் சொந்த ஊரில் நின்றுகொண்டு அதைப் பார்ப்பது மிகவும் அரிது. அப்பேர்ப்பட்ட காட்சி வீடு தேடி வந்தபோது நம் ஜனங்களில் பெரும்பாலோர் என்ன செய்தார்கள்? கதவைச் சாத்தினார்கள். சமைத்ததைக் கொட்டினார்கள். கர்ப்ப ஸ்திரீகளை அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். கோயில்கள் பலவும் நடை சாத்தின. கண்ணாடி கொடுத்து, மைதானத்தில் கூட்டி வைத்துக் காட்டிய சிலரிடம் போன பிள்ளைகள் பாக்கியசாலிகள். மற்றப் பிள்ளைகள் கற்றுக்கொண்ட பாடம், ஆகாயம் என்பது பயப்பட வேண்டிய இடம் என்பதேயாகும்.

கிரகணம் நிழலினால் உண்டாவது என்பது இந்த நாட்டுக்குத் தெரியாத விஷயமா? 499ம் வருஷத்திலேயே ஆரியபடர், சந்திரன் சூரியனை மறைப்பதும் பூமியின் நிழல் சந்திரன் மேல் விழுவதுமே கிரகணம் என்று எழுதி வைத்தார். கணக்குத் தெரிந்தவர்கள் கணக்கைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். பாமர மக்களுக்குப் பாம்பைக் கொடுத்தார்கள். ராகு, கேது என்பவை சந்திரன் போகும் பாதையும் சூரியன் போவதாகத் தோன்றும் பாதையும் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு இடங்களே அல்லாமல், அங்கே பாம்புமில்லை, ஒரு கூழாங்கல்லுமில்லை. ஆனாலும் 1,500 வருஷங்களுக்குப் பின்னும் பாம்புதான் வீட்டுக்குள் இருக்கிறது.

படிப்பு வந்தால் இது போய்விடும் என்பார்கள். போயிற்றா என்று கேட்கின்றோம். சந்திரனுக்கே யந்திரம் அனுப்பும் நமது நாட்டு ராக்கெட்டுகளின் வரிசையைப் பாருங்கள். பி.எஸ்.எல்.வி. சி-12 என்பது 2009ம் வருஷம் ஏப்ரலில் போயிற்று. அதற்குப் பிறகு அந்த வருஷம் செப்டம்பரில் போனது சி-14. நடுவில் 13 எங்கே? காரணத்தை யாரும் சொல்லாவிட்டாலும், 13 ஆகாத எண் என்று மேல்நாட்டார் கொண்டிருக்கும் மூடநம்பிக்கையைக் கேள்விப்பட்டவர்கள் யூகித்துக் கொள்ளலாம். ராக்கெட்டு கிளம்புமுன் அதன் சிறிய உருவத்தைக் கோயிலில் வைத்துப் பூஜை செய்வதையும் பத்திரிகைகளில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். இவர்களுக்கு விஞ்ஞானம் தெரியாது என்று யாராவது சொல்ல முடியுமா? நம் எல்லோரையும்விட ஆயிரம் பங்கு தெரியும். அப்படியானால் இது எப்படி நேருகிறது? பயம் மூன்று வயதில் வீட்டிலேயே வந்துவிடுகிறது. விஞ்ஞானம் பதினொரு வயதில் பள்ளிக்கூடத்தில் வருகிறது. முந்தி வந்தது உள்ளே கட்டில் போட்டுப் படுத்துக்கொள்ளுகிறது. பிந்தி வந்தது திண்ணையில் உட்காருகிறது. உத்தியோகத்திற்கு விஞ்ஞானம், மற்றதற்கெல்லாம் பஞ்சாங்கம் என்று ஒரே மண்டைக்குள் இரண்டு குடித்தனம் நடப்பதற்கு இதுதான் காரணம்.

ஆகையால் வயது விஷயத்தில்தான் நமது தகராறு இருக்கிறது. சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2007ம் வருஷத்தில் நமது ராஜ்யம் பூராவும் ஆரம்ப வகுப்புகளுக்குச் செயல்வழிக் கற்றல் என்ற முறை வந்தது. 2022ம் வருஷம் நவம்பர் மாதம் 28ந் தேதி, இந்தத் திருச்சியிலேயே காட்டூர் பாப்பாக்குறிச்சி ஆதிதிராவிடர் நலப் பள்ளியில், வானவில் மன்றம் என்ற திட்டத்தை முதல் மந்திரி ஆரம்பித்து வைத்தார். விஞ்ஞானத்தையும் கணக்கையும் பிள்ளைகள் கையாலேயே செய்து பார்க்கச் சாமான்களோடு ஆட்கள் பள்ளிக்குப் பள்ளி போகும் திட்டம் அது. 13,000க்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கென்று ஏற்பட்டது. மனமார வரவேற்கத்தக்க காரியம். ஆனால் அது ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையில் உள்ளவர்களுக்கு ஏற்பட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பதினொரு வயது. அந்த வயதிற்குள் ராகுகாலம் தெரியாத பிள்ளை எத்தனை பேர் என்று உங்கள் வீட்டிலேயே எண்ணிப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பிலேயே ஆரம்பிக்க வேண்டும் என்பதுதான் நமது கோரிக்கை. அதற்குச் சர்க்கார் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதுமில்லை. எப்படி என்று சொல்லுகிறோம்.

ஒரு கம்பு

ஒன்றாம் வகுப்புக் குழந்தையை வெயிலில் நிறுத்தி, அதன் நிழலைச் சுற்றி இன்னொரு குழந்தை சாக்கட்டியால் கோடு போடட்டும். ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்தில் நிறுத்தினால் நிழல் கோட்டை விட்டு நகர்ந்திருக்கும். ஏன் நகர்ந்தது என்று அது உங்களைக் கேட்கும். கேட்கட்டும், அவசரப்பட்டு விடை சொல்லாதீர்கள்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பு போதும். தூக்குக் குண்டு பிடித்து நேராக நடவேண்டும். காலை பத்து மணி முதல் பகல் இரண்டு மணி வரையில் கால் மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியில் ஒரு கல் வைக்க வேண்டும். எந்த நிழல் எல்லாவற்றிலும் குட்டையோ அதுவே நடுப்பகல். அது கிடக்கும் கோடே வடக்குத் தெற்கு. திசை தெரிய யாரையும் கேட்க வேண்டியதில்லை. நமது ஊரில் வருஷத்தின் பெரும்பகுதியில் நடுப்பகல் கடிகாரத்தில் பன்னிரண்டைத் தாண்டித்தான் வருகிறது என்பதையும் கண்டுகொள்ளுவார்கள்.

இந்த நடுப்பகல் நிழலை வாரம் ஒருமுறை அளந்து சுவரில் எழுதி வரச் சொல்லுங்கள். திருச்சியில் டிசம்பர் 22ந் தேதியை ஒட்டி ஒரு மீட்டர் கம்பிற்குச் சுமார் 68 சென்டிமீட்டர் நிழல் வடக்கே விழும். அதன் பிறகு குறைந்துகொண்டே வந்து, ஏப்ரல் 18ந் தேதியை ஒட்டிப் பகல் சுமார் 12.15 மணிக்கு நிழலே இராது. ஜூன் 21ந் தேதி நிழல் தெற்கே திரும்பி 22 சென்டிமீட்டர் இருக்கும். மறுபடியும் ஆகஸ்டு 24, 25 தேதிகளை ஒட்டி நிழல் மறையும்.

இதில் ஒரு சங்கதியைக் கவனியுங்கள். சூரியன் வடக்கே திரும்பும் உத்தராயணம் தை முதல் தேதி பிறக்கிறது என்று பஞ்சாங்கம் சொல்லுகிறது. பிள்ளைகளின் சுவரோ, டிசம்பர் 22லேயே நிழல் குறைய ஆரம்பித்து, ஜனவரி 14க்குள் 68லிருந்து 63க்கு வந்துவிட்டது என்று சொல்லுகிறது. சுமார் 1,700 வருஷங்களுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் இருந்தன. பூமியின் அச்சு பம்பரத்தின் தலைபோல் மெதுவாகச் சுற்றுவதால் சுமார் 72 வருஷத்திற்கு ஒருநாள் வீதம் இரண்டும் விலகிப் போய்விட்டன. அறுவடைத் திருநாளாகப் பொங்கல் கொண்டாடுவதில் யாருக்கும் ஆக்ஷேபணை இல்லை. ஆனால் எட்டு வயதுப் பிள்ளை ஒரு கம்பை வைத்துக்கொண்டு பஞ்சாங்கத்தின் பிழையைக் கண்டுபிடிக்க முடியும் என்றால், அந்தப் பிள்ளைக்கு ஏற்படும் தன்னம்பிக்கையை யோசித்துப் பாருங்கள்.

ஐந்தாம் வகுப்பு வந்தால் பூமியையே அளக்கலாம். 2,200 வருஷங்களுக்கு முன் எகிப்து தேசத்தில் எரட்டோஸ்தனிஸ் என்பவர் இரண்டு ஊர் நிழல்களைக் கொண்டு செய்த காரியந்தான். நமக்கு நிழல் இல்லாத அந்த ஏப்ரல் மாத நடுப்பகலில் சென்னையிலுள்ள ஒரு பள்ளிக்கு டெலிபோன் செய்து கேளுங்கள். அங்கே ஒரு மீட்டர் கம்பிற்கு 4 சென்டிமீட்டர் நிழல் இருக்கும். 4க்கு 100 என்பது 25 மடங்கு. திருச்சிக்கும் சென்னைக்கும் நேர் வடக்குத் தெற்காகத் தூரம் சுமார் 250 கிலோமீட்டர். நிழலைப்போல் கம்பு எத்தனை மடங்கோ, அந்தத் தூரத்தைப்போல் பூமியின் நடுவிலிருந்து மேற்பரப்பு அத்தனை மடங்கு. 250ஐ 25ஆல் பெருக்கினால் 6,250 கிலோமீட்டர். பெரிய விஞ்ஞானிகள் அளந்து கண்டது சுமார் 6,370. ஒரு கம்பிற்கு இது போதாதா?

இன்னும் ஒன்று. இந்த நாட்டில் சில மனிதருடைய நிழல் பட்டால் தீட்டு என்று சொல்லி, தெருவில் நடக்கவிடாமல் வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அந்த நாட்டுப் பிள்ளைகள் ஒரே மைதானத்தில் நின்று ஒருவர் நிழலை ஒருவர் அளக்கட்டும். ஒரே உயரமுள்ள இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் ஒரே நீளந்தான் நிழல் விழும். சூரியன் ஜாதி கேட்டு நிழல் போடுவதில்லை என்று நாம் பத்து மேடையில் பேசுவதைவிட அந்த அளவுகோல் நன்றாகப் பேசும்.

ஊசித் துவாரமும் கிரகணமும்

சூரியனைப் பிள்ளைகள் ஒருபோதும் வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. இதைக் கண்டிப்பாகச் சொல்லி வைக்க வேண்டும். ராகு பிடிப்பான் என்பதற்காக அல்ல. கிரகணமானாலும் இல்லாவிட்டாலும் அந்த வெளிச்சம் கண்ணைக் கெடுத்துவிடும் என்பதற்காக. ஒரு அட்டையில் ஊசியால் துவாரம் போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு மீட்டர் தள்ளி வெள்ளைக் காகிதத்தில் விழும் சிறிய வட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அது சூரியனுடைய பிம்பம். அகலம் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். அதாவது தூரத்தில் சுமார் 107ல் ஒரு பங்கு. சூரியன் இருக்கும் தூரம் 15 கோடிக் கிலோமீட்டர். அதை 107ஆல் வகுத்தால் சூரியனுடைய அகலம் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர் என்று வந்துவிடும். கிரகணத்தன்று இதே காகிதத்தில் பிறைபோல் குறைந்த பிம்பம் தெரியும். வேப்பமரத்தடியில் இலைச் சந்துகளின் வழியே தரையில் நூற்றுக்கணக்கான பிறைகள் கிடக்கும்.

சந்திரன் தேய்ந்து வளர்வதற்கு ஒரு இருட்டறை, ஒரு விளக்கு, குச்சியில் குத்திய ஒரு பந்து போதும். பிள்ளையின் தலையே பூமி. பந்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றினால் அமாவாசையும் பிறையும் பௌர்ணமியும் பந்தின் மேல் ஒவ்வொன்றாக வந்து போகும். பந்து விளக்கை மறைத்தால் சூரிய கிரகணம். தன் தலை நிழல் பந்தின் மேல் விழுந்தால் சந்திர கிரகணம். இரண்டையும் தன் கையால் உண்டாக்கிப் பார்த்த பிள்ளையிடம், பிற்பாடு பாம்பு விழுங்குகிறது என்று சொன்னால் சிரிக்குமா, பயப்படுமா?

சந்திரனிலுள்ள குழிகளுக்கு, ஒரு தட்டில் கோலமாவைப் பரப்பிக் கோலிக் குண்டுகளை வெவ்வேறு உயரத்திலிருந்து போட்டு, விழுந்த குழியின் அகலத்தை அளக்கட்டும். 2023ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 23ந் தேதி சந்திரனில் இறங்கிய சந்திரயான்-3க்கு முன்னதாக, அந்த மண்ணில் இறங்கிப் பழகுவதற்கு வேண்டிய மண் எங்கேயிருந்து போயிற்று தெரியுமா? நமக்கு அடுத்த நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளிலிருந்து எடுக்கப்பட்ட மண், சந்திர மண்ணோடு ஒத்திருக்கிறதென்று கொண்டு போகப்பட்டது. அந்தக் காரியத்திற்குத் தலைமை வகித்த வீரமுத்துவேல் விழுப்புரத்து ரயில்வேத் தொழிலாளியின் மகன். 2008ல் முதல் சந்திரயானை நடத்திய மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடிக் கிராமத்துப் பள்ளியில் படித்தவர். சந்திரனுடைய கருணையால் அல்ல, கணக்கால்தான் இவர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

ராஜகோபுரமும் மலைக்கோட்டையும்

இந்த ஊரிலேயே சூரிய மண்டலத்தைப் பரப்பிக் காட்டலாம். ஒரு மீட்டர் அகலமுள்ள வட்ட அட்டையைச் சூரியனாக வைத்து, ஸ்ரீரங்கம் ராஜகோபுர வாசலில் ஒரு பிள்ளை நிற்கட்டும். கும்பிட அல்ல, எல்லோருக்கும் தெரிந்த அடையாளம் என்பதற்காக. இந்த அளவுக்குப் பூமி ஒரு பட்டாணி. அது 107 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். சந்திரன் சற்றுப் பருத்த கடுகு; பட்டாணியிலிருந்து 28 சென்டிமீட்டரில் இருக்கும். சனி ஒரு பெரிய சாத்துக்குடி. அதைப் பிடித்துக்கொண்டு அம்மா மண்டபம் காவேரிக்கரைப் பக்கமாக ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். 1846ல் தூரதர்சினியால் கண்டுபிடிக்கப்பட்டு, நவக்கிரகத்தில் இடமே பெறாத நெப்டியூன், காவேரியைத் தாண்டி மலைக்கோட்டையை நெருங்கும்போதுதான் வரும். அடுத்த நக்ஷத்திரம் எங்கே என்று கேட்டால், இதே அளவுக்குச் சுமார் 29,000 கிலோமீட்டர்; உலகத்தைச் சுற்றுவதில் முக்கால் பங்கு. ஜன்ம நக்ஷத்திரம் பார்க்கிறவர்கள் இதை ஒருமுறை நடந்து பார்க்கட்டும்.

ஏழரை நாட்டுச் சனி என்று எத்தனை குடும்பங்கள் கலங்குகின்றன! அந்த ஏழரை எங்கிருந்து வந்தது? சனி சூரியனைச் சுற்றிவரச் சுமார் 30 வருஷமாகிறது. வானத்தை 12 ராசியாகப் பிரித்தால் ஒரு ராசிக்கு இரண்டரை வருஷம். பிறந்த ராசியும் முன்னொன்று பின்னொன்றும் சேர்த்து மூன்று ராசிக்கு ஏழரை வருஷம். அவ்வளவுதான், நான்காம் வகுப்பு வகுத்தலும் பெருக்கலும். கணக்கு சரியான கணக்கு. ஆனால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சாத்துக்குடி, ஒரு பட்டாணியின் மேல் வாழும் கோடிக்கணக்கான பேரில் உம்மை மட்டும் பார்த்துக் கோபித்துக்கொள்ளுகிறது என்பதற்கு என்ன கணக்கு என்று அந்தப் பிள்ளை கேட்கும். அதற்கு நாம் ஒன்றும் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை.

ஆக்ஷேபணைகள்

உபாத்தியாயர்கள், பாடம் முடிக்கவே நேரமில்லை என்பார்கள். மேலே சொன்னவற்றில் நீட்டலளவையும் வகுத்தலும் பெருக்கலும் வீதமும் இருக்கின்றன. இவை உங்கள் பாடங்கள்தானே? கருவிக்குப் பணமில்லை என்பார்கள். கம்பு, கோலமாவு, பட்டாணி, அட்டை. இதற்கு மானியம் கேட்டு மனுப்போட வேண்டுமா? இங்கிருந்து நடந்து போகிற தூரத்திலுள்ள திருவானைக்காவலில் 1888ம் வருஷம் நவம்பர் 7ந் தேதி பிறந்தவர் சி. வி. இராமன். 1928ம் வருஷம் பிப்ரவரி 28ல் அவர் வெளியிட்ட கண்டுபிடிப்பு எளிய கருவிகளைக் கொண்டு செய்யப்பட்டது. 1930ல் நோபல் பரிசு பெற்றது. அந்தத் தேதியை ஒவ்வொரு வருஷமும் விஞ்ஞான தினம் என்று கொண்டாடி, படத்திற்கு மாலை போட்டுவிட்டுப் போவதில் என்ன பிரயோஜனம்? அன்று ஒரு கம்பு நட்டால் மாலையைவிட மரியாதை.

பெற்றோர்கள், குழந்தை சாமியில்லை என்று சொல்ல ஆரம்பித்துவிடுமே என்று பயப்படுவார்கள். நாம் பிள்ளைகளுக்கு எதையும் இல்லையென்று சொல்லிக் கொடுக்கச் சொல்லவில்லை. இருக்கிறது என்று ஒருவர் சொன்னதை நம்புவதற்கும், இல்லை என்று நாம் சொன்னதை நம்புவதற்கும் வித்தியாசம் அதிகமில்லை. இரண்டும் வாய்ச்சொல்லை நம்புவதுதான். அளக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை நம் பேச்சையும் அளந்துதான் பார்க்கும். அதில் நாம் தோற்றுப் போனாலும் சந்தோஷமே. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று இந்திய அரசியல் சட்டத்திலும் 1976ம் வருஷத் திருத்தத்தினால் எழுதியிருக்கிறது. கடமையைச் செய்ய யார் தடுக்கிறார்கள்?

2031ம் வருஷம் மே மாதம் 21ந் தேதி, கேரளத்திலும் தென் தமிழ்நாட்டிலும் மறுபடியும் ஒரு வளைய கிரகணம் வருகிறது. இன்று ஆரம்பப் பள்ளியில் இருக்கும் பிள்ளைகளில் பலர் அன்று அதைத் தாண்டிப் போயிருப்பார்கள். அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கப் போகிறார்களா, அட்டையில் துவாரம் போட்டுக்கொண்டு, வீட்டிலுள்ள கர்ப்ப ஸ்திரீகளையும் கைப்பிடித்து வாசலுக்கு அழைத்துவந்து காகிதத்தில் காட்டப் போகிறார்களா என்பது இப்போது நம் கையில் இருக்கிறது.

ஆகவே தோழர்களே, நாளைக் காலையில் உங்கள் பிள்ளையின் பள்ளிக்குப் போய், மைதானத்தில் ஒரு மீட்டர் கம்பு நட அனுமதி கேளுங்கள். பள்ளியில் முடியாவிட்டால் உங்கள் வீட்டு மொட்டை மாடி போதும். பெண் குழந்தையிடம் முதலில் அளவுகோலைக் கொடுங்கள். ஏனென்றால் கிரகணத்தன்று வெளியே வராதே என்ற உத்தரவு அதற்குத்தான் முதலில் போடப்படுகிறது. விடுமுறை நாளில் புதுக்கோட்டை ரோட்டில் விமான நிலையத்திற்கு அருகிலுள்ள அண்ணா அறிவியல் மையக் கோளரங்கத்திற்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். குழந்தை கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், தெரியாது, வா சேர்ந்து அளந்து பார்ப்போம் என்று சொல்லுங்கள். இதைக் கேட்டுக்கொண்டு நமது பேச்சை முடித்துக்கொள்ளுகிறோம்.